சபையோடு மேல் டிவிசனுக்கு

எங்கள் சபை ஆரம்பித்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. சபை என்றால் கட்டடம் எதுவும் கிடையாது. தெஹியோவிட்ட பக்கம், பஸ் போகும் பாதைக்குக் கீழே, தகரக் கொட்டில்கள் வரிசையாக இருக்கின்றன. மண்சரிவு வரும் என்று இறப்பர்த் தோட்டத்து மேல் டிவிசனில் எங்கள் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து எங்களை எழுப்பி இறக்கியபோது, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி அடித்துக் கொடுத்தவை. அந்த வரிசையின் கடைசிக் கொட்டிலுக்குப் பின்னால் நாலு கம்பை நட்டு, மேலே நீலத் தறப்பாள் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் கீழே பாய் விரித்து உட்காருவோம். அதுதான் சபை.

பாஸ்டர் அவிசாவளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். முப்பது வயதுகூட இருக்காது. கொடகவெல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். எங்களைப் போலவே பேசுவார், எங்களைப் போலவே கோப்பையைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார்.

நான் சாமி கும்பிட்டு வளர்ந்தவள். மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுத்தவள். என்னை சபைக்குக் கூப்பிட்டது பக்கத்துக் கொட்டில் பெண். அவள் சிங்களத்தி. கிராமத்திலிருந்து இறப்பர் பால் வெட்ட வந்த இடத்தில் எங்கள் ஆள் ஒருவனைக் கட்டிக்கொண்டு, அம்மா வீட்டு வாசலை மறந்து எங்களோடு தங்கிவிட்டவள். நான் அவளை சிங்களத்தில் நங்கி, தங்கச்சி என்பேன், அவள் என்னை அக்கே என்பாள்.

"எண்டகோ அக்கே, வாங்களேன். சும்மா வந்து ஒக்காருங்க. அழுதாலும் அங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன். என் மகள் போன பிறகு நான் அழுதால் யாராவது வந்து, போதும் போதும் என்பார்கள். இல்லாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். தறப்பாளுக்குக் கீழே எல்லாருமே ஏதோ ஒன்றுக்கு அழுதுகொண்டிருந்தார்கள். அதனால் என்னை யாரும் கவனிக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். மழைக்காலத்தில் எனக்குப் பதிலாக ஓடைப் பக்கம் புல் அறுக்கப் போனவளுக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொல்லி அடுத்த நாளே முடிந்துவிட்டது. மேல் டிவிசன் லயத்துக்கு மேலே, சரிவில் இருந்த மயானத்தில் புதைத்தோம். என் வீட்டுக்காரர் தலைமாட்டில் ஒரு கருங்கல்லை ஊன்றி, பக்கத்தில் சிவப்புக் குரோட்டன் செடி ஒன்றை வைத்தார். ஒரு ஜம்பு மரம் அந்தப் பக்கம் நிழல் கொடுத்தது.

ஒரு வருசம்தான் அவளைப் போய்ப் பார்க்க முடிந்தது. பிறகு மலையில் வெடிப்பு விழுந்தது. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து அளந்து, இங்கே இருக்கக்கூடாது என்றார்கள். நாங்கள் கீழே வந்த பிறகு தோட்டத்தில் மேலே போகும் பாதைக்கு கேட் போட்டுப் பூட்டினார்கள். வாச்சர் யாரையும் விடமாட்டார். ஆபத்தான இடம் என்பது ஒரு காரணம். மேலே இறப்பரைப் பிடுங்கிவிட்டுக் கட்டுப்பொல் போட்டிருக்கிறார்கள், குலை களவு போகிறது என்பது இன்னொரு காரணம். கட்டுப்பொல் என்றால் எண்ணெய் எடுக்கும் அந்த முள்ளுத் தேங்காய் மரம். நான் வாச்சரிடம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். "எனக்கு வேல போயிரும் அக்கா" என்றார். அதற்குமேல் அந்த மனுசனிடம் என்ன கேட்பது?

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர், வருகிற பௌர்ணமிப் போயா லீவுக்கு சபை முழுக்க மலை ஏறி ஜெபம் பண்ணப் போகிறோம் என்றார். மேலே ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதில் நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். தோட்டத்தை நடத்தும் புதுத் தொரையைப் பார்த்துப் பேசியாயிற்று, பகலில் ஏறிப் பகலிலேயே இறங்கிவிட வேண்டும் என்று சொல்லி அனுமதி கொடுத்திருக்கிறார் என்றார்.

"பாட்டுப் பாடிக்கிட்டுப் போவோம். சாப்பாட்டக் கட்டிக்கிட்டுப் போவோம். இந்த சபைக்கு இதுதான் முதல் பயணம்" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். பாறைக்குப் போகும் பாதை எங்கள் பழைய லயத்தைத் தாண்டித்தான் போகும். என் மகள் அதற்கு மேலேதான் இருக்கிறாள்.

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் சபைக்கு வரமாட்டார். கோயிலுக்கும் போகமாட்டார். மகள் போன பிறகு அவர் எதன் முன்னாலும் கை கூப்பியதில்லை. செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"போகாத" என்றார்.

"ஏன்?"

"அட்டைக் கடி. மழையும் வருது. என்னாத்துக்குப் போய்க் கஷ்டப்படுற?"

"புள்ளையப் பாத்துட்டு வாறேங்க. எத்தன வருசமாச்சு."

அவர் மறுபடியும் செருப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு தடுக்கவில்லை. சேர்ந்து வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

போயா அன்று விடிந்ததும் எழுந்து தேங்காய் ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் இடித்துக் கட்டிக்கொண்டேன். கற்பூரம் கொஞ்சம் எடுத்து முந்தானையில் முடிந்தேன். அதெல்லாம் இனி நமக்கு வேண்டாம் என்று பாஸ்டர் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். ஆனாலும் வெறுங்கையோடு அவளிடம் போக எனக்கு மனம் வரவில்லை.

இருபது பேருக்கு மேல் இருந்தோம். பெரும்பாலும் கீழ் டிவிசன் ஆட்கள். மேலே இருந்து இறங்கியவர்களில் நானும், இன்னும் இரண்டு குடும்பமும்தான். மற்றவர்கள் கொழும்புப் பக்கம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார்கள். தறப்பாளுக்குக் கீழே ஒரு ஜெபம் செய்துவிட்டுப் புறப்பட்டோம். முன்னால் பாஸ்டர் பாட, பின்னால் பெண்கள் கை தட்டிப் பாடினார்கள். நங்கிக்குத் தமிழ்ப் பாட்டின் சொல் பாதி வராது. ராகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சத்தமாக இழுப்பாள்.

இறப்பர் மலை வழியாக ஏறினோம். மரங்களில் இலை இல்லை. ஏதோ நோய் என்றார்கள். மழைக்காலத்தில் பச்சையாக நிற்க வேண்டிய மரங்கள் விறகு மாதிரி நின்றன. நான் பால் வெட்டிய மரங்கள் அவை. எந்த மரம் நிறையக் கொடுக்கும், எது கஞ்சத்தனம் பண்ணும் என்று ஒரு காலத்தில் எனக்குத் தெரியும். இப்போது பால் பிடிக்கும் சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. பட்டை வெடித்துக் கறுத்திருந்தது. பிள்ளைகள் மட்டும் இறப்பர் கொட்டை பொறுக்கி ஒருவரை ஒருவர் எறிந்து சிரித்தார்கள்.

கேட்டில் வாச்சர் திறந்துவிட்டார். பாஸ்டருக்கு சலாம் வைத்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

பழைய லயம் வந்ததும் பாட்டு தானாக நின்றது. கூரைத் தகரம் எல்லாம் கழற்றப்பட்டிருந்தது. சுவர் இடுப்பளவுக்கு நின்றது. கெக்கில்லப் பெரணிப் பற்றை எல்லா வீட்டுக் காம்பராவுக்குள்ளும் புகுந்திருந்தது. மேல் டிவிசன்காரர்கள் அவரவர் காம்பராவைத் தேடிப் போனோம். ஒருவர் தன் குசினி இருந்த இடத்தில் போய் நின்றுகொண்டு, பீடி பற்றவைக்கப் போய், சபை ஞாபகம் வந்து சட்டைப்பைக்குள் திரும்பப் போட்டார். எங்கள் காம்பராவின் சுவரில் மகள் பள்ளிக்கூடக் காலத்தில் ஒட்டிய படத்தின் பசை அடையாளம் இன்னும் இருந்தது. நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

"நங்கி, என்னோட வாறியா? மேல போயிட்டு வருவோம்" என்றேன்.

"யமு, போவோம் அக்கே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லயத்துக்குப் பின்னால் படி மாதிரி வெட்டிய ஒற்றையடிப் பாதை இருந்தது. அதில் ஏறினால் முதலில் ஜம்பு மரம் தெரிய வேண்டும். தெரியவில்லை. பற்றை மறைக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் மேலே போனதும் பற்றை முடிந்து வெளி வந்தது. சரிவே இல்லை. மலையை வெட்டிப் பெரிய பெரிய தட்டுகளாக ஆக்கியிருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் கட்டுப்பொல் மரங்கள் வரிசையாக நின்றன. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, மட்டையெல்லாம் முள்ளோடு ஒன்றோடொன்று உரசின. கீழே இருட்டாக இருந்தது.

நான் கல்லைத் தேடினேன். குரோட்டனைத் தேடினேன். ஜம்பு மரத்தின் அடிக்கட்டையாவது இருக்காதா என்று தேடினேன். முன்பு லயத்துக் கூரையிலிருந்து நேர்மேலே பார்த்தால் அவள் இடம். இப்போது கூரையும் இல்லை, மேடும் இல்லை. நேர் எது என்று எனக்கே பிடிபடவில்லை. முள் கையைக் கிழித்தது. நங்கி ஒரு தட்டில் தேட, நான் ஒரு தட்டில் தேடினேன். மற்றவர்களுடைய குழிகளும் அங்கேதான் இருந்தன, எத்தனையோ தலைமுறை. ஒரு கல்கூட இல்லை.

"அக்கே, இங்க எங்கயாவது கற்பூரத்தப் பத்த வைங்க. அவளுக்குத் தெரியும்தானே" என்றாள் நங்கி.

"எங்கன்னு பத்த வைக்க?" என்றேன். குரல் சத்தமாக வந்துவிட்டது. அவள் பயந்துபோனாள்.

அந்தச் சத்தத்துக்குத்தான் பாஸ்டர் மேலே ஏறி வந்தார். பின்னால் நாலைந்து பேர். அவருக்கு விசயம் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. நங்கிதான் சொன்னாள். முந்தானையிலிருந்து அவிழ்த்து நான் கையில் வைத்திருந்த கற்பூரத்தை அவர் பார்த்தார்.

"பத்த வைங்கம்மா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார்.

நான் கற்பூரத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். அவர் என் பக்கத்தில் வந்து, பெரிய மனுசன் மாதிரி இல்லாமல் ஒரு மகன் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, மண்ணுக்குள்ள பிள்ள இல்லம்மா. இந்த எடம் போனா போகட்டும். அவ ஆண்டவர்கிட்ட இருப்பா."

ஞாயிறு ஞாயிறாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் ஒரு கேள்வி வந்தது. அவரை மடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"அவ ஞானஸ்நானம் எடுக்கலையே ஐயா. ஏசுன்னு ஒரு நாள் சொன்னதில்ல. வெள்ளிக்கிழமையானா வெளக்குப் பொருத்துவா. எடுக்காதவங்க அங்க போக ஏலாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்ப அவ எங்க இருக்கா?"

பின்னால் நின்றவர்கள் காலில் ஏறிய அட்டையைத் தட்டுவதுபோலக் குனிந்துகொண்டார்கள். ஒரு அம்மா பாட்டு ஒன்றைத் தொடங்கினார். யாரும் சேர்ந்து பாடாததால் அவரும் நிறுத்திவிட்டார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார் பாஸ்டர் கடைசியில்.

அதற்காக அவரை நான் குறை சொல்லமாட்டேன். தெரியும் என்று சொல்லியிருந்தால் நான் அப்போதே கீழே இறங்கியிருப்பேன். கற்பூரத்தைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டு அவர்களோடு பாறைக்கு ஏறினேன்.

பாறையில் காற்று அடித்தது. கீழே ருவான்வெல்லைப் பக்கம் வரைக்கும் மலைகள் தெரிந்தன. பாஸ்டர் இரண்டு கையையும் தூக்கி ஜெபம் பண்ணினார். எங்களுக்குத் தருவதாகச் சொன்ன வீடுகளுக்காக, வேலை இல்லாத பிள்ளைகளுக்காக, தோட்டத்துக்காக, தொரைக்காக. குரலில் காலையில் இருந்த தெம்பு இல்லை. பிள்ளைகள் ரொட்டியைத் தின்றார்கள். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் நீட்டிக்கொண்டோமே தவிர யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் கிடையாது. வழுக்கி விழுந்து எழும்பி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். திரும்பும்போது யாரும் பாடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. என் வீட்டுக்காரர் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார். நான் சொட்டச் சொட்ட வாசலில் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சொன்னேனே, போகாதன்னு" என்றார்.

அவர் அதைச் சொன்ன விதத்தில்தான் எனக்கு விளங்கியது.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் அடுப்பு முன்னால் குந்திக்கொண்டார். விறகைத் தள்ளினார்.

"கட்டுப்பொல்லுக்குக் குழி வெட்ட கொந்தராத்துக்காரன் ஆள் கூப்புட்டான். வெளியாளுங்கதான் நெறைய. நானும் போனேன். எங்கன்னு சொல்லல. அங்க போய் நின்னப் பொறகுதான் தெரிஞ்சிச்சு."

"பொதைச்ச எடம்னு நீங்க சொல்லலையா?"

"சொன்னேன். மலைய வெட்டுற மெஷின் ஓடுறவன் சிங்களப் பொடியன். பாவம், அவனும் எறங்கி நின்னான். போன் எடுத்துக் கேட்டான். வெட்டச் சொல்லிட்டாங்க."

"அப்புறம்?"

"எனக்குப் பாக்க ஏலல. தண்ணி குடிக்கப் போறேன்னு கீழ எறங்கிட்டேன். திரும்பி ஏறுறப்ப எல்லாம் சமமா இருந்திச்சு."

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். சேலையிலிருந்து தண்ணீர் ஓடி அடுப்புப் பக்கம் போனது. அவர் அதைத் துணியால் துடைத்தார்.

"அடுத்த நாளும் வேலைக்குப் போனீங்களா?"

"போனேன். கன்னு நடத் தொடங்கினாங்க. அந்த எடத்துல வேற எவனோ ஒருத்தன் நட்டு மிதிக்கிறத விட நானே நட்டுறலாம்னு, நான்தான் நட்டேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இத்தனை வருசமாக ஒவ்வொரு தடவையும் நான் மகளைப் பார்க்கப் போக வேண்டும் என்று சொல்லும்போது இந்த மனுசன் அதை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். வாச்சருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மற்ற இரண்டு குடும்பத்துக்கும்கூடத் தெரிந்திருக்கலாம். என்னிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

"அப்ப எந்த மரம்னு ஒங்களுக்குத் தெரியும்" என்றேன். எனக்குள் ஒரு ஆசை எழும்பியது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எனக்கு ஒரு மரம் போதும் என்றிருந்தது. முள் மரமானாலும் பரவாயில்லை.

அவர் கொதித்த தண்ணீரை இறக்கி வைத்தார்.

"அப்பத் தெரிஞ்சிச்சு. ஒரு கம்ப நட்டு அடையாளம் வச்சேன். பொறகு உரம் போடப் போனப்பப் பாத்தா கம்பு இல்ல. எல்லாம் ஒரே மாதிரிதான் வளந்து நிக்குது. எனக்கும் தெரியல."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.

அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் நான் சபைக்குப் போகவில்லை. நங்கி வந்து கூப்பிட்டாள். கால் வலி என்றேன். மூன்றாம் வாரம் பாஸ்டர் ஆராதனை முடிந்து எங்கள் கொட்டிலுக்கே வந்தார். என் வீட்டுக்காரர் எழும்பி அவருக்கு உட்கார நாற்காலி போட்டுவிட்டு வெளியே போனார்.

"நீங்க கேட்டத எங்க பெரியவங்ககிட்டக் கேட்டேம்மா" என்றார்.

"என்னா சொன்னாங்க?"

அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அவங்க சொன்னத ஒங்ககிட்டச் சொல்ல எனக்கு விருப்பமில்ல" என்றார். கண் கலங்கியிருந்தது.

"வேணாம் ஐயா. சொல்லாதீங்க" என்றேன்.

அவர் ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்கவில்லை. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனார். அவரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. சில மாதத்தில் அவரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும், அவரே விட்டுவிட்டுக் கொழும்பில் டெலிவரி வேலை செய்கிறார் என்றும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். புதிதாக ஒருவர் இரண்டு ஞாயிறு வந்தார். மலை ஏறியவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. தறப்பாள் காற்றில் கிழிந்தது. யாரும் திருப்பிக் கட்டவில்லை. அந்த நாலு கம்பையும் யாரோ கோழிக்கூட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

நங்கியும் புருசனோடு வத்தளைக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து சிங்களத்தில் ஏதேதோ சொல்லி அழுதாள். போன் எடுப்பேன் என்றாள். முதலில் எடுத்தாள். இப்போது எப்போதாவது எடுப்பாள்.

தருவதாகச் சொன்ன வீடுகளுக்கு நிலம் அளந்து கட்டை அடித்திருக்கிறார்கள். கட்டைகளைச் சுற்றிப் புல் வளர்ந்துவிட்டது. நாங்கள் இன்னும் தகரத்துக்குக் கீழேதான். நான் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போவதில்லை. மகளுடைய திவச நாள் வந்தால் அவளுக்குப் பிடித்த ரொட்டியைச் சுடுவேன். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாததால் நாங்கள் இரண்டு பேருமே அதைச் சாப்பிட்டுவிடுவோம்.

மேலே கட்டுப்பொல் இப்போது நன்றாகக் காய்க்கிறது. குலைகளை ஏற்றிக்கொண்டு லொறி எங்கள் கொட்டில் வரிசையைத் தாண்டித்தான் பஸ் பாதைக்கு ஏறும். அதன் சத்தம் கேட்டாலே என் வீட்டுக்காரர் எழும்பி உள்ளே போய்விடுவார். நான் போவதில்லை. வாசலில் நின்று, அந்த லொறி போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு உள்ளே போய் வேலையைப் பார்ப்பேன்.